ஆர்டர் எடுத்துச் சிங்கம் பிடித்தவர்கள்

அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பில், ஜிம் ஓவன்ஸ் என்பவர் தன் குடிசையில் ஒரு பலகை மாட்டியிருந்தார். ஆர்டர் கொடுத்தால் சிங்கம் பிடித்துத் தரப்படும், கட்டணமும் கட்டுப்படியாகும் என்பது அதில் கண்ட விஷயம். தையல்கடைக்காரர் ஜாக்கெட்டுக்கு ஆர்டர் எடுப்பது போல மனிதர் சிங்கத்துக்கு எடுத்தார். ஊர் முழுக்க அவருக்கு 'ஜிம் மாமா' என்றுதான் பேர். மாமாவின் கணக்குப்படி அங்கேயுள்ள கைபாப் பீடபூமியில் அவர் முடித்து வைத்த சிங்கங்கள் 532. எண்ணியவர் மாமா, சரிபார்த்தவரும் மாமா.

இதில் ருசியான சங்கதி, மாமா பார்த்தது அரசாங்க உத்தியோகம். 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தப் பகுதியை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார். அதைப் பார்த்துக்கொள்ள வனத்துறை போட்ட காவலர்தான் ஓவன்ஸ். எதைக் காக்க வேண்டும் என்பதில் சர்க்காருக்குக் குழப்பமே இல்லை. மான் என்றால் வனவிலங்கு. சிங்கம், ஓநாய், அதன் சின்னத் தம்பி கயோட்டி முதலானவை வனவிலங்குக் கணக்கில் வராத சமூக விரோதிகள். எனவே சரணாலயம் திறந்த கையோடு வேட்டையும் ஆரம்பித்தது.

முதலில் இந்தச் சிங்கம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிடரி மயிரை உதறிக்கொண்டு வேறு ஒன்று வந்து உங்கள் மனசில் உட்கார்ந்துகொள்ளும். பூமா, கூகர், மலைச்சிங்கம் எல்லாம் ஒரே ஆசாமிதான். பிடரி கிடையாது. கர்ஜனையும் கிடையாது, அதற்கான தொண்டை அமைப்பே இல்லை. சந்தோஷம் வந்தால் வீட்டுப் பூனையைப் போலக் குர்ர் குர்ர் என்று சத்தம் போடும், அவ்வளவுதான். நன்றாக வளர்ந்த ஆண் அறுபது எழுபது கிலோ இருக்கும். பாறைக்குப் பாறை தாவி, மானின் கழுத்தைக் கவ்வி, நிமிஷத்தில் கதையை முடித்துவிடும். ஆனால் தம் கிடையாது. தலைதெறிக்கக் கொஞ்ச தூரம் ஓடினால் மூச்சு வாங்கிவிடும்.

அதைவிடப் பெரிய பலவீனம், நாய் குரைத்தால் மரம் ஏறிவிடும். ஒரே அறையில் நாயின் குடலை உருவக்கூடிய மிருகம்தான், இருந்தும் ஏறும். ஓநாய்க் கூட்டம் வந்தால் அடித்து வைத்த மானையும் பறிகொடுத்து உயிரையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்ட வம்சம் அது. குரைப்புச் சத்தம் காதில் விழுந்ததும், வந்திருப்பது யார், எத்தனை பேர், தலைக்கு எத்தனை கிலோ என்றெல்லாம் விசாரணை வைத்துக்கொள்ளாமல் பக்கத்துப் பைன் மரத்தில் ஏறிக் கிளையில் குந்திக்கொண்டு சீறும். இந்த ஒரு கெட்ட பழக்கம் மட்டும் அதற்கு இல்லாதிருந்தால், அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற சிங்க வேட்டைக்காரர்களில் பாதிப் பேர் மளிகைக் கடைதான் வைத்திருப்பார்கள்.

பனி விழும் ஊரில் காலடித் தடத்தைப் பார்த்துப் பின்னாலேயே போகலாம், மனிதனால்கூட முடியும். அரிசோனா, நியூ மெக்சிகோவின் காய்ந்த பாறைக் காட்டில் தடமும் விழாது, ஈரமும் நிற்காது. ராத்திரி சிங்கம் நடந்து போன வாசனை கல்லின் மேல் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் அதுவும் போச்சு. ஆகவே விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். முன்னால் போவது கூட்டத்திலேயே அனுபவசாலியான நாய். அது அவசரப்படாது. ஒரு கல்லை முகரும், அடுத்த கல்லை முகரும், திரும்பி வந்து முதல் கல்லையே மறுபடி முகரும். ஜூனிபர் புதரில் சிங்கத்தின் விலா உரசிய இலையைக் கண்டுபிடித்து அதில் மூக்கை வைத்துக்கொண்டு யோசிக்கும். முந்தின நாள் சாயங்காலத்துத் தடத்தைக்கூட இப்படியே கல் கல்லாகப் பொறுக்கிக்கொண்டு போகிற நாய்கள் உண்டு. திடீரென்று வால் ஆட ஆரம்பிக்கும். பிறகு நீளமாக ஓர் ஊளை. அதைக் கேட்டதும் பின்னால் வந்துகொண்டிருந்த இளவட்டங்கள், மூக்கில் ஒன்றும் ஏறாமலேயே, எல்லாம் எங்களுக்கும் தெரியும் என்ற தோரணையில் சேர்ந்து ஊளையிடும். (இந்த இளவட்டங்களை எல்லா ஆபீஸிலும் பார்க்கலாம்.)

சிங்கம் மரமேறியதும் நாய்களின் குரல் மாறும். நீட்டி இழுத்த ஊளை நின்று, வெட்டி வெட்டிக் குரைக்கும். இரண்டு மலைக்கு அப்பால் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரர் அந்தக் குரலை வைத்தே ஆள் மேலே ஏறிவிட்டான் என்று தெரிந்துகொள்வார். அப்புறம் அவருக்கு இருக்கும் ஒரே வேலை, அங்கே போய்ச் சேர்வது. அதற்கே பெரும்பாடு படுவார் என்பதையும் மறைக்கக் கூடாது. செங்குத்துப் பள்ளத்தில் இறங்கி, கள்ளியில் கால்சட்டையைப் பாதி விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் நாலு காலில் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அண்ணாந்து பார்த்துச் சுடுவார். ஊருக்குத் திரும்பியதும் புத்தகம் எழுதுவார்.

எழுதியவர்களில் முதல் மரியாதை ரூஸ்வெல்ட்டுக்கு. 1901 ஜனவரி. நியூயார்க் கவர்னர் பதவி முடிந்தாயிற்று. மார்ச் 4 அன்று நாட்டின் துணை அதிபராகப் பதவியேற்க வேண்டும். இடையில் இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டும். வேறு யாராவது என்றால் பதவியேற்புக்கு ஒரு கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டு வீட்டில் ஓய்வெடுத்திருப்பார்கள். இவர் கொலராடோவில் மீக்கர் என்ற சிற்றூர்ப் பக்கம் போய் இறங்கினார். வழிகாட்டி ஜான் காஃப், அவருடைய நாய்கள், ஐந்து வார வேட்டை. செத்த சிங்கங்கள் 14. அதில் 12 வருங்காலத் துணை அதிபரின் கணக்கில் சேர்ந்தன. சிலவற்றைச் சுடவும் இல்லை. நாய்கள் நாலாபக்கமும் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்க, மூக்குக்கண்ணாடி சகிதம் நடுவில் புகுந்து கத்தியால் குத்தினார். ஆகப் பெரிய சிங்கம் மூக்கு முதல் வால் நுனி வரை எட்டடி, எடை 227 பவுண்டு, நம் கணக்கில் 103 கிலோ. அதன் மண்டையோடு வெகுகாலம் சாதனைப் பட்டியலில் முதலிடத்தை விட்டு நகரவில்லை.

நிருபர்களை அவர் கிட்டே அண்டவிடவில்லை. விட்டிருந்தால் தேவலை. கரடி துரத்திற்று, ஓநாய்கள் வளைத்துக்கொண்டன என்று பத்திரிகைகள் இருந்த இடத்தில் இருந்தபடியே எழுதித் தள்ளின. ஜனவரியில் கரடி குகைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் என்பது பத்திரிகை ஆபீஸுக்குத் தெரியாது. ரூஸ்வெல்ட் எரிச்சலோடு மறுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. அவர் பாட்டுக்கு ஒவ்வொரு சிங்கத்தின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டார், வயிற்றைத் திறந்து என்ன சாப்பிட்டிருக்கிறது என்று பார்த்தார், மண்டையோடுகளை வாஷிங்டனில் இருந்த விலங்கியலாளர் ஹார்ட் மெரியத்துக்கு அனுப்பினார். பொழுதுபோக்குக்குக் கொன்றதை ஆராய்ச்சி ஆக்கிக்கொள்ளும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: பின்னால் எழுதிய கட்டுரைகளில் ஒவ்வொரு நாயையும் பேர் சொல்லி, எது கெட்டிக்காரன், எது சண்டைக்காரன், எது மரத்திலேயே தொத்தி ஏறும் என்றெல்லாம் எழுதினார். அந்த விஷயத்தில் மற்ற வீரர்களைவிட யோக்கியர்.

ரூஸ்வெல்ட்டாவது வேட்டை முடிந்ததும் வீட்டுக்குப் போனார். பென் லில்லி போகவே இல்லை.

1856இல் அலபாமாவில் பிறந்த லில்லி, நியூ மெக்சிகோ மலைகளுக்கு வந்து சேரும்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. அதற்கு முன்பே அவரைப் பற்றிக் கதை கட்டிவிட்டார்கள். கோழிக்குஞ்சு தூக்க வந்த பருந்தைச் சுட்டுவிட்டு வாருங்கள் என்று மனைவி சொன்னாராம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத் திரும்பினாராம். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்றதற்கு, பருந்து பறந்துகொண்டே இருந்தது என்றாராம். கதை உண்மையோ பொய்யோ, அவரைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

கூரைக்குக் கீழே படுக்க மாட்டார், பனியோ மழையோ வெட்டவெளிதான். கிடைத்த அன்று மூன்று ஆள் சாப்பாடு, கிடைக்காத அன்று பட்டினி, இரண்டுக்கும் ஒரே முகம். பண்ணைக்காரர்கள் சிங்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, அகப்பட்ட துண்டுக் காகிதத்தில், மரப்பட்டையில் எல்லாம் செக் எழுதுவாராம், வங்கியும் வாயைத் திறக்காமல் பணம் கொடுத்ததாம். 1907இல் ரூஸ்வெல்ட் லூசியானாவுக்குக் கரடி வேட்டைக்கு வந்தபோது தலைமை வேட்டைக்காரர் இவர்தான். களைப்பே அறியாத இந்த ஆளைப் பார்த்து, எதற்கும் அசராத அதிபரே அசந்து போனார்.

லில்லி பரம பக்தர். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைத் தொட மாட்டார். சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் நாய்கள் சிங்கத்தை மரமேற்றிவிட்டால், ஞாயிறு முழுவதும் மேலே சிங்கம், கீழே நாய்கள், பக்கத்தில் பைபிளோடு லில்லி. திங்கள் விடிந்தால்தான் தீர்ப்பு என்று சொல்வார்கள். ஓய்வுநாள் அவருக்கு மட்டும்தான். காவல் நின்று குரைக்கிற டியூட்டி ஞாயிறும் நாய்களுடையதே. அந்த நாய்களுக்கு அவர் தப்புப் பண்ணவும் இடம் கொடுக்கவில்லை. சிங்கத் தடத்தை விட்டு மான் பின்னால் ஓடிய நாயை, மற்ற நாய்களை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லி, அடித்தே கொன்றுவிடுவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட பக்தி.

கொன்றது எத்தனை என்பதற்குச் சரியான கணக்கில்லை. நூற்றுக்கணக்கில் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சார்லஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ் வேறு ரகம். வாலிபத்தில் கான்சாஸ் சமவெளியில் காட்டெருமைகளை வகைதொகையில்லாமல் சுட்டவர். அவை அழியப் போகின்றன என்று தெரிந்ததும் ஞானோதயமாகி, கன்றுகளைப் பிடித்து வந்து வளர்க்க ஆரம்பித்தார். 'எருமை ஜோன்ஸ்' ஆனார். எருமையையும் பசுமாட்டையும் கலந்து 'கேட்டலோ' என்று ஒரு புதுச் சாதி உண்டாக்கப் பார்த்தார். பிறந்த காளைகள் மலடாகிப் போயின. 1902இல் ரூஸ்வெல்ட் அவரை யெல்லோஸ்டோன் பூங்காவில் விலங்குக் காவலராக நியமித்தார். அங்கே ஓட்டல் குப்பையைக் கிளறிக்கொண்டு பயணிகளிடம் வம்பு செய்துகொண்டிருந்த கரடிகளை அவர் சுருக்குப் போட்டுப் பிடித்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பின்புறத்தில் பிரம்பால் விளாசினார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதைக் கரடிக்கும் அமல்படுத்திய ஒரே அரசு ஊழியர் அவராகத்தான் இருப்பார். 1905இல் அந்த வேலை போய், கைபாபில் ஜிம் மாமாவோடு வந்து சேர்ந்தார். சும்மா வரவில்லை. ஒரு மந்தை எருமைகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். இந்த மந்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எருமைக்குத் தீனி போடப் பணம் வேண்டும். 1907இல் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் பேசினார். மலைச்சிங்கத்தை உயிரோடு கயிறு போட்டுப் பிடிக்கிறேன் என்றார். கூட்டம் சிரித்தது. நம்பியவர் ஒரு பல் டாக்டர்.

டாக்டரின் பேர் ஸேன் கிரே. பேஸ்பால் திறமையால் கல்லூரியில் இடம் வாங்கிப் பல் மருத்துவம் படித்தவர். ஊரார் வாய்க்குள் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போய் எழுத்தாளராகத் துடித்தவர். ஒரு நாவலைத் தானே அச்சுப் போட்டும் பார்த்திருந்தார். அவர் ஜோன்ஸிடம் போய், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், நான் பார்த்து எழுதினால் உலகம் நம்பும் என்றார். செலவு மனைவி டாலியின் சொத்திலிருந்து. கணவனுக்கு வேலை பல் பிடுங்குவதா, சிங்கம் பிடிப்பதா என்ற கேள்விக்கு அந்த அம்மாள் பெருந்தன்மையாக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

கேன்யன் விளிம்பில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சவுண்டர், மோஸ், ஜூட், டான் என்ற நாய்கள் காலையிலிருந்து ஓடிச் சிங்கத்தை மரமேற்றி, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே குதிக்கின்றன. 63 வயசு ஜோன்ஸ் கயிறும் கையுமாக மரத்தில் ஏறுகிறார். சிங்கம் இன்னும் மேலே போகிறது. கிழவரும் போகிறார். சிங்கத்துக்குக் கிளை தீர்ந்துவிடுகிறது. இப்படி ஒரு சங்கடம் அதன் வம்சத்தில் யாருக்கும் வந்ததில்லை. கீழே நிற்கிற ஓநாய் பின்னாலேயே ஏறி வரும் என்று அதன் அம்மா சொல்லித் தரவில்லை. கிழவர் ஒரு கம்பின் நுனியில் சுருக்கை வைத்து நீட்டி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கழுத்தில் மாட்டி, கீழே இருப்பவரைப் பார்த்து இழு என்கிறார். அவர் இழுக்கிறார். சிங்கம் வருகிறது. எந்தத் திசையில் வரும் என்பது மட்டும் ஆட்டத்தில் யாருக்கும் தெரியாது.

தெரிந்ததும் அவரவர் திசையில் ஓடுவார்கள். எழுத்தாளர் கேமராவோடு ஓடுவார். பிறகு ஒருவழியாகப் பின்னங்காலில் ஒரு சுருக்கு, முன்னங்காலில் ஒரு சுருக்கு என்று நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, வாயில் குச்சியைக் கொடுத்துக் கம்பி சுற்றி, குறடால் நகங்களை நறுக்கி, கழுத்துப்பட்டை போட்டுச் சங்கிலி மாட்டி, பொதிக்குதிரை மேல் ஏற்றுவார்கள். குதிரை தன் அபிப்பிராயத்தை உடனே தெரிவிக்கும், மறுபடி முதலிலிருந்து. ராத்திரி முகாமில் மரத்துக்கு ஒரு சிங்கம் சங்கிலியில் உறுமிக்கொண்டிருக்க, நெருப்பு வெளிச்சத்தில் கிரே குறிப்பெழுதுவார்.

இத்தனையும் பட்டு எழுதிய புத்தகத்தை ஹார்ப்பர்ஸ் பதிப்பகத்துக்குக் கொண்டுபோனார். இந்த ஆளுக்கு எழுத வரும் என்பதற்கு இதில் தடயமே இல்லை என்கிற ரீதியில் சொல்லிப் பதிப்பாசிரியர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1908இல் வேறொருவர் போட்டார். நாலே வருஷத்தில், 1912இல், கிரேயின் 'ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்' சக்கைப்போடு போட்டது. வெளியிட்டவர்கள் அதே ஹார்ப்பர்ஸ். கவ்பாய் நாவல் என்றாலே கிரே என்று ஆகிவிட்டது. ஜோன்ஸ் 1910இல், 66 வயசில், இரண்டு கவ்பாய்களையும் குதிரைகளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, நிஜமான பெண் சிங்கத்துக்கே கயிறு போட்டார். காண்டாமிருகத்தையும் விடவில்லை. விலங்குப் படக்காரர் செர்ரி கீர்ட்டன் அதைச் சினிமாவாக எடுத்தார். நியூயார்க்கில் சிரித்தவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. கொஞ்சம் செலவு பிடித்த பதில்.

இதற்கு நடுவில், 1908இல், அதிபர் ரூஸ்வெல்ட் யெல்லோஸ்டோன் பூங்காவின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பூங்காவில் இனிச் சிங்கங்களைக் கொல்ல வேண்டாம், மான்கள் ஏராளமாக இருக்கின்றன என்பது அதன் சாரம். ஆக, சிங்கம் குறைந்தால் மான் பெருகும் என்ற கணக்கு மனிதருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு யெல்லோஸ்டோனுக்கு மட்டும். 1912 தேர்தல் பிரச்சாரத்தில் நெஞ்சில் குண்டு பாய்ந்து, குண்டோடு ஒன்றரை மணி நேரம் மேடையில் பேசி, தேர்தலிலும் தோற்றுப் போனவர், 1913 கோடையில் மனசை ஆற்றிக்கொள்ளப் பிள்ளைகள் ஆர்ச்சியையும் குவென்டினையும் கூட்டிக்கொண்டு எங்கே வந்தார்? கைபாபுக்கு, ஜிம் மாமாவின் நாய்களுக்குப் பின்னால் சிங்கம் வேட்டையாட. திரும்பிப் போய் எழுதியதில் சிங்கத்தை மான் கொலைகாரன் என்று சரமாரியாகத் திட்டினார். ஆயுசு முழுக்க மான் சுட்டவர் அவர்.

கைபாபில் மாமாவும் மற்ற அரசு வேட்டைக்காரர்களும் சிங்கங்களை நூற்றுக்கணக்கிலும் கயோட்டிகளை ஆயிரக்கணக்கிலும் தீர்த்துக் கட்டினார்கள். ஓநாய் அடியோடு ஒழிந்தது. மான் வேட்டைக்குத் தடை. 1906இல் சுமார் 4,000 என்று மதிப்பிட்ட மான்கள் 1924இல் எத்தனை ஆயின என்பதில் அதிகாரிகளுக்குள் குஸ்தி. 30,000 என்றார்கள், 100,000 என்றும் சொன்னார்கள். கண்ணால் பார்க்க முடிந்தது ஒன்றுதான்: பின்னங்காலில் எழுந்து நின்று எட்டுகிற உயரம் வரை காட்டில் ஒரு இலை இல்லை. அதற்கு மேலே பச்சை, கீழே வெறும் குச்சி, காடு முழுக்க நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. மான்கள் எலும்பும் தோலுமாக அதற்குக் கீழே நின்றன.

கொஞ்சத்தைச் சுட்டுவிடலாம் என்றது வனத்துறை. அரிசோனா கவர்னர் ஜார்ஜ் ஹன்ட், மான் எங்கள் மாநிலத்துச் சொத்து, மத்திய அரசு கைவைக்கக் கூடாது என்றார். பட்டினி கிடந்தாலும் மாநில உரிமையோடு கிடக்கட்டும் என்பது அவர் கட்சி. இந்தச் சமயத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர்க்காரர் ஜார்ஜ் மக்கார்மிக் ஒரு திட்டத்தோடு வந்தார். ஆயிரக்கணக்கான மான்களை மாட்டு மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போய், வடக்கு விளிம்பிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குள் இறக்கி, அடியில் கொலராடோ ஆற்றை நீந்தவைத்து, எதிர்ப்பக்கம் மலையேற்றித் தெற்கு விளிம்பில் கொண்டுபோய் விட்டுவிடுவார். கரை சேர்கிற மான் ஒன்றுக்கு 2.50 டாலர் கொடுத்தால் போதும். கேன்யன் ஏறக்குறைய ஒரு மைல் ஆழம் என்ற தகவல் யாருக்கும் தடையாகத் தோன்றவில்லை.

நம்ம பல் டாக்டர் அதற்குள் ஹாலிவுட் வரை செல்வாக்குள்ள ஆளாகியிருந்தார். திட்டத்தைக் கேட்டதும் கிரேக்குப் பரவசம். ஜெஸ்ஸி லாஸ்கியின் சினிமா கம்பெனி படமெடுக்கப் பணம் கொடுத்தது. 1924 டிசம்பர். குதிரையில் கவ்பாய்கள், கால்நடையாக நவஹோ பழங்குடியினர், எல்லாமாக நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள். கையில் மாட்டு மணி, தகர டப்பா. கேமராக்கள் இடம் பிடித்து நின்றன. காட்டை அடைத்து வரிசை கட்டி, மணியடித்துக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு முன்னேறினார்கள். அன்றைக்கென்று பனிப்புயல். பக்கத்து ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, வரிசை கோணிற்று, இடைவெளி விழுந்தது. மான்கள் முதலில் கொஞ்சம் முன்னால் போயின. பிறகு நின்று திரும்பிப் பார்த்தன. சிங்கத்தையும் ஓநாயையும் ஏமாற்றிப் பிழைத்த வம்சம் அது. தகர டப்பா தட்டுகிறவர்களுக்கு நடுவே புகுந்து, சாவகாசமாகப் பின்பக்கம் போய்விட்டன. ஓட்டம் முடிந்து எல்லாரும் விளிம்புப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது முன்னால் பள்ளத்தாக்கு இருந்தது, பனி இருந்தது, மான் இல்லை. ஆற்றைத் தாண்டிய மான் ஒன்றுகூட இல்லை. மக்கார்மிக்குக்குக் கிடைத்தது பூஜ்யம் பெருக்கல் 2.50.

கிரே இதையும் நாவலாக்கிக் காசு பார்த்தார். அந்தக் குளிர்காலத்திலும் அடுத்த குளிர்காலத்திலும் மான்கள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தன. மானை வைத்து மாநிலமும் மத்தியும் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1928இல் மத்திய அரசு ஜெயித்தது. அதற்குள் சாக வேண்டிய மான்கள் தீர்ப்புக்குக் காத்திராமல் செத்துவிட்டன. பிற்பாடு சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு போன்றவர்கள் இதைப் பாடமாக எழுத, சிங்கத்தைக் கொன்றால் மான் பெருகிச் சாகும் என்று பள்ளிப் புத்தகம் வரை போயிற்று. 1970இல் கிரேம் காக்லி என்ற ஆய்வாளர் எழுந்து, அந்த மான் எண்ணிக்கையே நம்பத் தக்கதல்ல, ஆடுமாடு மேய்ச்சல் குறைந்ததும் காரணமாக இருக்கலாமே என்று கேட்டு எல்லார் நிம்மதியையும் கெடுத்தார். விவாதம் இன்னும் ஓடுகிறது. நாய்களைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

நாய்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. இப்போது கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. எந்த நாய் எந்தப் பாறையில் நிற்கிறது, மரத்தடியில் நின்று குரைக்கிறதா என்பது வரை திரையில் தெரிகிறது, வேட்டைக்காரர் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆரிகனில் 1994இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 1996இலும் நாய் வைத்துச் சிங்கம் வேட்டையாடுவதற்கு வாக்காளர்கள் தடை போட்டார்கள். ரூஸ்வெல்ட் கத்தியோடு புகுந்த கொலராடோவில் 2024 நவம்பரில் மலைச்சிங்க வேட்டையையே தடை செய்யலாமா என்று வாக்கெடுத்தார்கள். தடை வேண்டாம் என்று தோற்கடித்துவிட்டார்கள்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன எருமைகளுக்கு வருவோம். ஜோன்ஸ் கைபாபுக்கு ஓட்டி வந்த மந்தையின் வாரிசுகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன, மாட்டு ரத்தமும் கொஞ்சம் கலந்தபடி. கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி இல்லை என்று கண்டுபிடித்து அதற்குள் குடியேறி, நூற்றுக்கணக்கில் பெருகி, குட்டைகளைக் கலக்கிச் சேறாக்கிவிட்டன. 2021இல் பூங்கா நிர்வாகம், எருமைகளைச் சுட்டுக் குறைக்கத் தன்னார்வலர்கள் 12 பேர் தேவை என்று அறிவித்தது. இது வேட்டை கிடையாது என்று முன்கூட்டியே அழுத்திச் சொல்லியாயிற்று. எட்டாயிரம் அடி உயரத்தில் நடந்தே போக வேண்டும், சுட்ட எருமையை அங்கேயே அறுத்துக் கறியைச் சுமந்துகொண்டு நடந்தே வெளியே வர வேண்டும், வண்டி கிடையாது. 45,000 பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். குலுக்கல் நடந்தது, தேர்வானவர்கள் மலையேறினார்கள், எருமை நாலு விழுந்தது.